விருத்தாசலத்து ஜாடி ஸ்பீக்கர்கள்

போன பிப்ரவரியில் போய் வந்த பயணம் இது. எழுத உட்காரும்போதெல்லாம் மகள் இனியா விழித்துக்கொள்வாள். அப்படியே நாலு மாதம் தள்ளிப்போய்விட்டது. பழைய ஸ்பீக்கர் தேடி விருத்தாசலம் பக்கம் போகிறவர்களுக்கு இப்போதாவது பயன்படட்டும்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கர்களை வாங்கி, கிழிந்த காகிதக் கூம்பை ஒட்டிச் சரிசெய்து, இணையக் குழுவில் இருக்கும் ஆர்வலர்களுக்கு விற்பது என் வேலை. வேலை என்று நான்தான் சொல்கிறேன், வீட்டில் பொழுதுபோக்கு என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் பிரசவத்தோடு விட்டவள் நான். எனக்கென்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

குழுவில் மரியதாஸ் என்பவர் ஒரு ஜோடி ஸ்பீக்கரின் படம் போட்டிருந்தார். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், அதாவது பீங்கான் தொழிற்பேட்டையில், ப்யூஸ் கேரியர் செய்யும் சின்ன பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதுகளில் ஹாலந்தில் செய்த எட்டங்குல ஸ்பீக்கர்கள். இதெல்லாம் ஜோடியாகக் கிடைப்பதே அபூர்வம். பெங்களூர் நண்பர் ஒருவர் உடனே முன்பணம் அனுப்பிவிட்டார். அவருக்கு ஒரே நிபந்தனை: ரிப்பேர் கை படாத காகிதமாக இருக்க வேண்டும். மரியதாஸ் போனில் ஒரு விஷயம் சொன்னார். ஸ்பீக்கர்களை இரண்டு பீங்கான் ஜாடிகளில் சிமென்ட் வைத்துப் பதித்திருக்கிறாராம், ஜாடியை உடைத்தால்தான் வெளியே வருமாம், அவரே உடைத்துத் தருவாராம். சரி என்றேன். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

விழுப்புரத்தில் காலை ஆறே கால் பாசஞ்சர், டிக்கெட் பதினோரு ரூபாய். கணவருக்கு ஆபீஸில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. இனியாவுக்கு ஒன்றே கால் வயது, என்னை விட்டு இருக்க மாட்டாள், தூக்கிக்கொண்டேன். பையில் கொதிக்கவைத்த தண்ணீர் இரண்டு பிளாஸ்க், ஜுர மருந்து, தெர்மாமீட்டர், நான்கு செட் உடுப்பு. அடியில் கொஞ்சம் இடம் பார்த்து என் பிரஷ், பசை, டீ பைகள். ஜன்னல் கம்பியை நக்கிவிட்டாள் என்று உளுந்தூர்பேட்டை வரைக்கும் கவலைப்பட்டேன். அதன் பிறகு வேறு கவலை வந்தது.

எட்டு மணிக்கு ஜங்ஷன். அங்கிருந்து ஊர் கொஞ்சம் தள்ளி, எஸ்டேட்டுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "செராமிக்குன்னா பொம்மை வாங்கவா, ப்யூஸ் வாங்கவாம்மா?" என்றார். ஸ்பீக்கர் வாங்க என்றேன். "அது மண்ணுல வேற செய்ய ஆரம்பிச்சுட்டாங்களா" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார்.

எஸ்டேட்டைச் சும்மாவே ஒரு முறை பார்க்கலாம். சூளை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என் அதிர்ஷ்டம். முதல் நாள் சாம்பல் நிறத்தில் உள்ளே போனவை பால் வெள்ளையில் பளபளவென்று வெளியே வருகின்றன. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் ப்யூஸ் கேரியர்கள் நெல்மூட்டை போலக் குவிந்திருக்கின்றன. அடுத்த கொட்டகையில் இன்னும் கண் வைக்காத பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. நம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளைச் சில்லு இத்தனை நெருப்பைத் தாண்டி வந்தது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் இனியாவை இடுப்பிலிருந்து இறக்கவில்லை, தரையெல்லாம் உடைந்த ஓடு.

மரியதாஸ் வீடு பட்டறைக்குப் பின்னால். ஐம்பது வயதிருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முன்னறையில் இரண்டு ஜாடிகள் என் இடுப்புயரத்துக்கு நின்றன. ஊறுகாய் ஜாடியைப் பெருக்கி வயிற்றில் வட்டமாகக் கண் திறந்தது போல இருந்தன. நிறம் கருப்பட்டி. பெண்ணாடம் பக்கம் ஒரு மனமகிழ் மன்றத்தில் கழித்துப் போட்ட ரேடியோவில் இந்த ஸ்பீக்கர்கள் கிடைத்தனவாம். சூளையில் மண் சுருங்கும், எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ஓட்டையை வெட்ட வேண்டும். முதல் ஜாடியில் ஸ்பீக்கரே நுழையவில்லை. அதற்குப் பிறகு ஏழு ஜாடி வெடித்தது, ஒன்பதாவதும் பத்தாவதும்தான் இவை. மின்கம்பத்துப் பீங்கானில் இரும்புத் தொப்பி ஒட்டுகிற சிமென்டையே வைத்துப் பதித்திருக்கிறார்.

"அந்த ஏழு ஜாடி வெறகுக் காசுல எனக்கு ஒரு வளையல் வந்திருக்கும்" என்றார் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, காபியை நீட்டிக்கொண்டே. "இந்த ஆளு என்னைக் கட்டுனதே கூட ஒக்காந்து பாட்டு கேக்க ஒரு ஆளு வேணும்னுதான்."

இப்போது மாடி வீட்டுக்குக் குடிபோகிறார்கள். இந்த இரண்டு பூதத்தையும் யார் மேலே தூக்குவது என்பது அக்காவின் கேள்வி. மரியதாஸுக்கும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் வாங்கியாகிவிட்டதாம். சாக்கு விரித்து, உளியும் சுத்தியலும் தயாராக வைத்திருந்தார். "ஒடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓடுதான்னு பாத்துக்குங்கம்மா, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். இனியாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

இதை எப்படி எழுதுவது என்றுதான் நாலு மாதமாக யோசிக்கிறேன். முதலில் நாதஸ்வரக்காரர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அதன் பிறகுதான் ஸ்வரம். தவிலில் விரல் கூடு படும் அடி தனியாக, கழி படும் அடி தனியாக, இரண்டுக்கும் நடுவே தோல் அதிர்ந்து அடங்குவது தனியாகக் கேட்டது. மரப்பெட்டி என்றால் பெட்டியின் குரலும் கொஞ்சம் கலந்துதான் வரும். இங்கே பெட்டி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கனத்த மண் சுவர் அசையாமல் நின்றது, நாலு பேர் எதிரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ ஸ்பீக்கர் பிரித்து மாட்டியவள் நான். மேல் எல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஜாடிகளை உடைக்கலாம் என்று நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன், முன்பணமும் வாங்கியிருக்கிறேன். எப்படி உடைக்க விடுவேன், எப்படி வேண்டாம் என்பேன் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தேன்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்காமல் நான் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

'டப்' என்று ஒரு சத்தம். இடது பக்கம் கரகரத்தது. கண்ணைத் திறந்தால் இனியா ஜாடி முன்னால் நிற்கிறாள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய விரல் காகிதத்துக்குள் முக்கால்வாசி போயிருக்கிறது. சூளைக்குப் பயந்தேன், ஓட்டுச் சில்லுக்குப் பயந்தேன், தெரு நாய்க்குப் பயந்தேன். ஸ்பீக்கரைப் பார்த்தால் குழந்தைகள் விரலை விடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

அழுகை வந்துவிட்டது. "கொழந்தைன்னா தொடத்தான் செய்யும், நீ ஏம்மா அழுவுற, ஒடைக்கப் போற ஜாடிதானே" என்று அக்கா இனியாவைத் தூக்கிக்கொண்டார். ஜாடி இல்லை அக்கா, காகிதம் என்றேன். மரியதாஸ் கேசட்டை நிறுத்தினார்.

காகிதம் உள்பக்கமாக மடங்கிக் கிழிந்திருந்தது. ஸ்பீக்கரைக் கழற்ற முடியாது, முன்னாலிருந்துதான் ஒட்ட வேண்டும். இரண்டு டீ பையைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டுப் பையின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டேன். லேசானது, நார் நீளமானது, இதற்கு அதுதான் சரி. அக்கா பார்த்துவிட்டு, "டீயைக் கொட்டிட்டுப் பையைக் காப்பாத்துதே இந்தப் பொண்ணு" என்று சிரித்தார். ஜாடி முன்னால் மண்டிபோட்டு, வளைத்த கம்பியால் மடிப்பை வெளியே இழுத்து, தண்ணீர் கலந்த பசையில் ஒரு துண்டை உள்ளே செருகி, இன்னொன்றை மேலே ஒட்டினேன். அதற்குள் மின்வெட்டு. இரண்டு மணி நேரம் காய விட்டோம். அக்கா வீட்டுக் குழம்புச் சோற்றை இனியா இரண்டு கை நிறைய அள்ளித் தின்றாள். காரம் என்று நான் தடுக்கப் போனேன், யாரும் காதில் வாங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் பெங்களூருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். ஒட்டுப் போட்டது தனக்கு வேண்டாம், முன்பணத்தை அவசரமில்லாமல் அனுப்புங்கள் என்றார். போனை வைத்ததும் திருப்பித் தர வேண்டிய பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதோடு, இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மனசு லேசாகவும் ஆகிவிட்டது. இனி யாருக்காகவும் அந்த ஜாடிகளை உடைக்க வேண்டியதில்லை.

மின்சாரம் வந்தது. மறுபடி அதே கேசட். மரியதாஸ் காதை ஒரு ஜாடியிலும் மறு ஜாடியிலும் மாற்றி மாற்றி வைத்தார். ஒட்டு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு, "எதை மொதல்ல ஒடைக்கட்டும்?" என்றார்.

"உடைக்க வேணாம் அண்ணே. அப்படியே எடுத்துக்கறேன்."

"ஜாடியோடயா?"

"ஜாடியோட."

அவர் அக்காவைப் பார்த்தார். "பாத்தியா, ஒலகத்துல இன்னொரு ஆளு இருக்குது."

"அந்த ஆளு வூட்டுக்காரரு பாவம்" என்றார் அக்கா.

பேசியிருந்த ஆறாயிரத்தையே கொடுத்தேன். மறுநாள் விழுப்புரத்துக்கு ப்யூஸ் ஏற்றி வந்த டெம்போவில் வைக்கோல் சுற்றி வந்து சேர்ந்தன, வாடகை முந்நூற்றைம்பது. இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கணவர் முதலில் வாசலிலேயே நின்றார். கேசட் ஓடத் தொடங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலைப் பாசஞ்சரிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சூளைப் பக்கம் நிற்க முடியாது. எஸ்டேட்டில் தண்ணீர் விற்கும் கடை கிடையாது. மின்வெட்டு நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். கனமான சாமானை ப்யூஸ் ஏற்றும் டெம்போக்காரர்களிடம் விடுங்கள், பீங்கான் கட்டிப் பழகியவர்கள், கீறல் விழாது. குழந்தையோடு போனால் ஸ்பீக்கரின் முகத்தில் ஒரு தட்டையாவது கவிழ்த்து மூடிவிடுங்கள். எதையும் உடைத்து எடுப்பதற்கு முன் அது இருக்கிற இடத்திலேயே வைத்து ஒரு முறை முழுசாகக் கேளுங்கள்.

ஒட்டுப் போட்ட இடத்தின் படத்தோடு ஜாடிகளைக் குழுவில் விலைக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேருமே ஸ்பீக்கரை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். போன வாரம் காரைக்காலிலிருந்து ஒருவர் பேசினார். ஸ்பீக்கர் எந்த வருடத்தது என்றுகூடக் கேட்கவில்லை, ஜாடியின் சுவர் எவ்வளவு கனம் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடே வருகிறாராம். விற்கத்தான் வாங்கினேன், விற்றால்தான் அடுத்த ஜோடி வாங்க முடியும். ஆனாலும் அவருக்குப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.