நங்கூரம் போட்ட நேரத்து டீசல்

எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு சரக்குக் கப்பல். சென்னையில் கண்டெய்னர் ஏற்றிவந்து புதுச்சேரி துறைமுகத்தில் இறக்கும். கணக்குப் பிரிவு என் பொறுப்பு. டீசல் செலவைக் குறைக்க மேல்தளத்தில் சோலார் தகடு போடலாம் என்று கூட்டத்தில் நான் ஆரம்பித்ததும், முதலாளியின் மருமகன் கையமர்த்தினார். பிரான்சிலிருந்து வந்து நேராக டைரக்டர் ஆனவர்.

“மேடம், வெயில்ல வத்தல் காயும். கப்பல் ஓடாது.”

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும். யார் யார் சிரித்தார்கள் என்று அன்றே டைரியில் எழுதினேன். அதிகம் சிரித்தவர் பெயர் முதலில்.

தகடு கப்பலை ஓட்டுவதற்கல்ல. அதைச் சொல்ல விடவில்லை. துறைமுகம் இருக்கும் ஆற்று முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால், நீர் ஏறும்வரை கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும். அப்போதும் விளக்குக்கும் பம்புக்கும் சமையலறைக்கும் ஜெனரேட்டர் ஓடும். அந்த டீசலைத்தான் மிச்சப்படுத்தப் பார்த்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் டைரக்டர் தன் திட்டத்தோடு வந்தார். கப்பலில் நவீன பாய்மரம், காற்று இலவசம், போட்ட பணம் சீக்கிரமே திரும்பிவிடும். கப்பல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. கடன் தரும் வங்கி அதிகாரி வரட்டும் என்றிருந்தேன்.

வந்தவர் கேட்டார்: “கப்பல் ஓடுற நேரம் எவ்ளோ, நிக்கிற நேரம் எவ்ளோ?”

டைரக்டர் என்னைப் பார்த்தார்.

“பாதிக்கு மேல நிக்குது சார்,” என்றேன். “நிக்கிற கப்பலுக்குப் பாய்மரம் எதுக்கு?”

அதிகாரி ஃபைலை மூடினார். முதலாளி முகம் கறுத்தது. “இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?”

“சொல்ல வந்தேன் சார். கேக்க ஆளில்ல.”

சாயங்காலம் டைரக்டர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“அந்த சோலார் ப்ளானக் குடுங்க மேடம். ரெண்டு பேர் பேர்லயும் மாமாகிட்ட வெச்சிடலாம்.”

“வேணாம்.”

“கோவமா?”

“ஆமா.”

“பார்தோன், மேடம்,” என்று பிரெஞ்சில் மெதுவாக மன்னிப்புக் கேட்டார்.

“இங்க வேணாம் சார். அன்னிக்கு இருந்தவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் நானே பேசிக்கிறேன்.”

அடுத்த கூட்டத்தில் சொன்னார், மேசையைப் பார்த்துக்கொண்டு. நான் அவசரப்படவில்லை. ஜெனரேட்டர் குடிக்கும் டீசல், தகட்டின் விலை, உப்புக்காற்றில் அதன் ஆயுள், அசல் திரும்பும் காலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கையமர்த்த ஒரு கையும் உயரவில்லை. பாதியில் டைரக்டர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க சார்,” என்றேன். “இன்னும் முடியல.”

உட்கார்ந்தார்.