வில்லேஜ் ஆபீஸ் சுவரும் லாரி எண்ணெயும்

கார் எஞ்சினின் அடிநட்டைக் கழற்றியதும் சூடான எண்ணெய் முழங்கை வரை வழியும். கருகிய வாசனை மூக்கை விட்டு ரெண்டு நாளைக்குப் போகாது. சாப்பிடும் சோற்றிலும் அதுதான் மணக்கும்...

மலையாள அரசின் கீழிருந்த தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் எங்கள் வீடு. எனக்கு இருபது வயது. வாடகைக்கு ஓடும் ஒரு பழைய பெட்ரோல் காருக்கு நான்தான் டிரைவர். மெக்கானிக்கும் நானே.

ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்பா இருந்தது? வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதன் மேல் ரெண்டு தென்னந்தடியைப் போட்டு, காரை மெதுவாக ஏற்றி நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவேன். எஞ்சின் சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடிக்க வேண்டும். ஆறிவிட்டால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, ரெண்டு தடவை தப்பாகச் செய்து தெரிந்துகொண்டேன்.

புது எண்ணெய் நெய்யாற்றின்கரைக் கடையில் பீப்பாயிலிருந்து அளந்து தருவார்கள். கலப்படம் தாராளம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஒரு சொட்டைப் பேப்பரில் விட்டு, பரவுகிற வட்டத்தைப் பார்ப்பேன். பிடிக்கவில்லையென்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எண்ணெய் விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்கிற திமிர்... இருந்தது. ஒளிப்பானேன்?

அப்படி ஆயில் மாற்றிய ஒரு நாளைக்கு மறுநாள் காலையில், வில்லேஜ் ஆபீஸ் சுவரில் ஆள் உயரக் கறுப்பு எழுத்து. ‘நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு.’ அந்த நாளில் இப்படி எழுதிப் பிடிபட்டவனை லாக்கப்பில் வைத்து அடிக்கிற அடியில், திரும்பி வந்தாலும் பழைய ஆளாக வரமாட்டான்.

எழுதியது கரியால் இல்லை, எஞ்சினில் வடித்த எண்ணெயால். கேட்க வேண்டுமா? ஹெட் கான்ஸ்டபிள் நேரே எங்கள் பள்ளத்துக்கு வந்தார். சட்டி நிறைய எண்ணெய். என் நகமெல்லாம் எண்ணெய்க் கறை.

“இது நின்றெ பணியல்லேடா?”

என் வேலைதானே என்கிறார். நான் பயப்படவில்லை. சட்டியில் விரலை முக்கிப் பேப்பரில் ஒரு பொட்டு வைத்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு சுவருக்குப் போய், எழுத்தில் விரலைத் தேய்த்துப் பக்கத்திலேயே இன்னொரு பொட்டு.

“பாருங்க ஏமானே. எனக்க எண்ணெய் தவிட்டு நிறம். இது அட்டக்கரி. டீசல் லாரிக்க எண்ணெயாக்கும்!”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் டீசல் லாரி ஓட்டுகிற ஒரே ஆள், எங்கள் ஞானம் அக்காவின் புருஷன். என் அத்தான்! வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்தது என்பார்களே... எனக்கு அது அக்காவின் தாலியில் வந்து நின்றது.

“லாரியோ? ஆருடெ லாரி?”

என்ன சொல்வது? ஆனால் நாக்கு மட்டும் நிற்கவில்லை.

“லாரி மட்டுமா ஏமானே? சர்க்கார் பஸ்ஸும் டீசல்லதான் ஓடுது. போன மாசம் கரையானுக்கு அடிக்க ஸ்டேஷன்ல ரெண்டு டின் கொண்டு வச்சது இதே எண்ணெய்தான். அதுல மிச்சம் உண்டுமா, இல்லியான்னு முதல்ல பாக்கணும்...”

அவர் என்னையே பார்த்தார். எண்ணெய் விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் யாருக்குக் கேடு என்று அவருக்குத் தெரியாதா?

“மதி மதி. பொய்க்கோ.” போதும் போ என்று விரட்டிவிட்டார்.

அத்தானைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் ஆகிறதாம். கிணற்றடியில் அக்கா மட்டும் உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய்ச் சகிரியும் வைத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எலே, இது போவ மாட்டேங்குது. எதுல கழுவணும்?”

“அக்கா... நீயா?”

“பின்ன? ஒனக்க அத்தானுக்கு கையெழுத்துப் போடவே அரை நாள் வேணும்.”

“மண்ணெண்ணெய் போட்டுத் தேய். பொறவு சோப்பு” என்றேன். திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன், சொன்னது அதுதான்.

“ஒனக்க சட்டியிலதான் மொதல்ல முக்கினேன் மக்கா. ரெண்டு எழுத்து எழுதிப் பாத்தேன், சவம், தெளியல்ல. பொறவுதான் அத்தான் வடிச்சு வச்சிருந்த லாரி எண்ணெய் எடுத்தேன். கரியில எழுதினா ஒரு மழைக்குப் போயிரும்லா?”

அடிப்பாவி! எண்ணெய் தேர்வதில் நான் புலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். புலியின் சட்டியையே வேண்டாமென்று தள்ளியிருக்கிறாள்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நல்ல வெயில் வந்ததும் எழுத்து மஞ்சளாக ஊறி வெளியே வந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி வந்தது. மாநிலம் பிரித்து எல்லைக் கோடும் போட்டார்கள். விளவங்கோடு தமிழகத்துக்குப் போக, எங்கள் ஊர் கேரளத்தோடு நின்றது. அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்போதும் சுவர் மட்டும் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது என் பேரன் காருக்கு சிந்தெடிக் ஆயில். சீல் வைத்த டப்பா, மேலே நம்பர் போட்டிருக்கிறது, தேய்த்துப் பார்க்க வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து டீ தருகிறார்கள். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கை சுத்தமாகவே வீடு திரும்புவது, இந்த வயதிலும் எனக்கு என்னவோ போல இருக்கிறது...

ரோட்டை அகலப்படுத்த அந்த வில்லேஜ் ஆபீஸை இடித்த அன்றைக்கு அக்காவும் நானும் போய் நின்று பார்த்தோம். அவளுக்கு அப்போது தலை முழுக்க நரை. புழுதி அடங்கும் வரை நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“பாத்தியாலே... இடிச்சுத்தான் அழிக்க முடிஞ்சுது.”