மீன் பொரிக்காத நாட்கள்

வட்டக்கச்சியில் காணி கிடைத்து, காடு வெட்டி இரண்டு போகம் விதைத்திருந்த காலம். மகனுக்கு நாலு வயது. காலில் வந்த சீழ்க்கட்டுக்கு ஆஸ்பத்திரியில் விழுங்க வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உதடு புண்ணாகி, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது.

பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மாளெல்லே வந்திருக்கிறா. குளிசையை நிப்பாட்டு."

நிறுத்தினேன். அம்மை கண்ட வீடென்று வாசல் படலையில் வேப்பிலை கட்டினோம். அம்மாள் இருக்கிற வீட்டுக்குப் பொரியல் மணம் வரக்கூடாது என்று அக்கா வீட்டிலும் மீனை விட்டார்கள், தாளிதத்தை விட்டார்கள். பொங்கி முடியும்வரை மீனில்லை என்று அக்கா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தார்.

வாழையிலையில் கிடந்த பிள்ளையைத் தூக்கியபோது முதுகுத் தோல் இலையோடு போனது. பயந்துபோய் வண்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"இது அம்மாள் இல்லை. குளிசை ஒத்துக்கொள்ளேல்லை. நிப்பாட்டினபடியால் தப்பினான்" என்றார் டொக்டர். "ஆருக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு முதலே தெரியாது. கேக்காமல் ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ."

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தான். அக்கா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரோடு வந்து, "தாயே, குளிர்ந்து போ" என்று அவன் தலையில் வார்த்தார். விரதமிருந்து மெலிந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, வந்தது அம்மாள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பெரிய டொக்டர் மாதிரிக் கதைக்கிறாள் என்பார்களோ? அம்மாள்தான் கோபித்துக்கொள்வாளோ? மிச்சக் குளிசையை எறியவும் பயம், கோழி கொத்திவிட்டால்? தகரப் பேணியில் போட்டுக் கூரைக்குள் சொருகி வைத்தேன்.

சில நாளில் அக்கா வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ர மகளுக்கும் காலிலை கட்டு. உன்ர பெடியன்ர குளிசை மிச்சம் கிடக்கே?"

பேணியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையை நீட்டிவிட்டார். கொடுக்காமல் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் மீன் தின்னாமல் கிடந்தது குளிசைக்கோடி?"

"ஓம் அக்கா."

"ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாம். தண்ணியும் வார்க்க விட்டிட்டு நிண்டனீ."

அடுத்த நாள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார். அன்று பின்னேரம் அவர்கள் குசினியிலிருந்து மீன் பொரிக்கும் மணம் வந்தது. "அம்மா, மீன்" என்று மகன் எழும்பி வேலிக்கு ஓடினான். அக்கா இலையில் ஒரு துண்டை வேலிக்கு மேலால் நீட்டினார்.

"பெடியனுக்குக் குடு" என்றார். பிள்ளை என்று என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.