இடக்கையும் வலக்கையும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தருமபுரியில் பெண்களுக்காக முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். கணவரின் அனுமதியோடு நானும் போனேன். கற்றதை வீட்டில்தான் பழகிப் பார்க்க வேண்டும்; அகப்பட்டவள் என் ஓரகத்தி. மாவாட்டும்போதுகூட நாடி பார்க்க அவள் மணிக்கட்டைப் பிடித்துவிடுவேன்.

"இருக்குதுங்களா அக்கா, போயிருச்சா?" என்று கண்ணைச் சொருகிக் காட்டுவாள்.

வாளி கிணற்றோடு போய்விடாமலிருக்கக் கயிற்று நுனியை இடது மேற்கையில் சுற்றிக்கொண்டு தண்ணீர் சேந்துவது அவள் வழக்கம். ஒருநாள் காலையில் பாசிப்படியில் வழுக்கித் தலை அடிபட்டு விழுந்தாள். இடுப்புவரை நீரில் கிடக்க, கல்லிடுக்கில் சிக்கிக்கொண்ட அந்தக் கயிறே அவளை மூழ்காமல் தாங்கியது. ஆட்கள் இறங்கிக் கயிற்றை அறுத்து மேலே கொண்டுவந்தார்கள்.

ஊரில் நாடி பார்க்கும் பெரியவர் ஓடி வந்தார். பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை என்பது அவர்கள் முறை. இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வெகுநேரம் கண்மூடி இருந்தார்.

"நாடி உழுந்து போச்சுங்க."

மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அலறினார். நான் எதிர்ப்புறம் மண்டியிட்டு வலக்கையை எடுத்தேன்.

"பொம்பளைக்கு எடக்கைதான் பாக்கோணும். அதுகூடத் தெரியலீங்களா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

எங்கள் வகுப்பில் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. விரல் நுனிகளை வைத்துக் காத்திருந்தேன். நூலிழை போல ஏதோ அசைந்தது. என் துடிப்பையே உணர்கிறேனோ என்று பயந்தேன். ஆனால் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விரலடியில் இருந்ததோ நிதானமாக, விட்டு விட்டு வந்தது. அது அவளுடையதுதான்.

"இந்தக் கையப் பாருங்க" என்றேன்.

பெரியவர் தயங்காமல் சுற்றி வந்து தொட்டார். அவர் முகம் மாறியது. "இருக்குது! அளுவாச்சிய நிறுத்துங்க!" என்று அதட்டியவர், உடனே இடது தோள்மேல் ஒட்டியிருந்த ஈரச் சேலையை விலக்கினார். அறுபட்ட கயிற்றின் சுற்றுகள் சதைக்குள் புதைந்து இரத்தத்தை அடைத்திருந்தன. அவரே கத்தியை வாங்கிப் பதமாக அறுத்தெடுத்தார்.

மெல்லிய மூச்சு இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மாட்டு வண்டியில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழி நெடுக அந்த வலக்கையை நான் விடவில்லை. நல்லம்பள்ளி தாண்டியதும் துடிப்பு சற்றே தடித்தது, இமைகள் அசைந்தன. பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"இருக்குதுங்களா அக்கா?"

"இருக்குது, பேசாமப் படு" என்றேன்.