எலியக்காவும் ஒன்பது நாளில் ஆறிய புண்களும்

எலியக்காவுக்கு முதலில் எலி என்றாலே அருவருப்பு. ஆராய்ச்சி நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்தவரை, ஆள் பற்றாக்குறை வந்த ஒரு மாதத்தில் இரண்டாம் மாடியிலிருந்த விலங்குக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே முந்நூறு வெள்ளை எலிகள். பயிற்சிக் கையேட்டில் போட்டிருந்தபடி முதல் நாள் வாலைப் பிடித்துத் தூக்கப்போய், கட்டைவிரலில் நல்ல கடி வாங்கினார். மறுநாளிலிருந்து வாலைத் தொடுவதே இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் கூண்டுக்குள் வைத்து, எலி தானாக ஏறும்வரை காத்திருப்பார். ஏறியதும் சுத்தமான மரத்தூள் போட்ட அடுத்த கூண்டில் இறக்கிவிடுவார். இப்படிச் செய்தால் நேரம் பிடிக்கும். அதனால் மற்றவர்களைவிட அரைமணி முன்னதாகவே வந்துவிடுவார். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது. இயக்குநரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் எலியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்தது.

அந்த வருஷம் மூன்றாம் மாடியில் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒரு மருந்தோடு வந்தார். புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் மருந்து. எலியை மயக்கி, முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண் போடுவார்கள். பாதி எலிகளுக்கு மருந்து கலந்த தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். கூண்டு அட்டையில் சிவப்புப் புள்ளி அல்லது நீலப் புள்ளி இருக்கும். எந்தப் புள்ளிக்கு எந்தத் தண்ணீர் என்பது மேடத்துக்கும் தெரியாது, எலியக்காவுக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஒரு மூடிய உறையில் இருந்தது. தினமும் காலையில் புண்ணை அளந்து எழுதி, கணக்கை அந்த உறையோடு வைப்பது மேடத்தின் உதவியாளர் வேலை. மற்றதெல்லாம் எலியக்கா.

பத்தாம் நாள் உறையைப் பிரித்தார்கள். மருந்து குடித்த எலிகளுக்கு ஒன்பது நாளில் புண் ஆறியிருந்தது. மேடம் முகம் மலர்ந்தது. அடுத்த வரியைப் படித்ததும் சுருங்கியது. வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கும் அதே ஒன்பது நாள்தான்.

வேறொரு ஊர் நிலையத்தில் இதே மருந்தை மேடத்தின் தோழி சோதித்திருந்தார். அங்கே மருந்து எலிகளுக்குப் பத்து நாள், தண்ணீர் எலிகளுக்குப் பதினான்கு. இங்கே ஏன் இப்படி? மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாக வரவழைத்தார். அளவுகோலை மாற்றினார். இரண்டாம் முறையும் எல்லா எலிகளுக்கும் ஒன்பது நாள்.

மூன்றாம் முறை தொடங்கியபோது எலியக்கா மூன்று வாரம் விடுப்பில் போனார். அவர் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். சர்க்கரை வியாதிக்காரர். காலில் பதினோரு மாதமாக ஆறாத புண். கடைசியில் சுண்டுவிரலை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எலிகளைப் பார்த்துக்கொள்ள ஸ்டோரிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். நல்ல மனிதர், கையேட்டில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்பவர்.

எலியக்கா திரும்பி வந்த அன்று மேடம் கூடத்து வாசலிலேயே நின்றிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?"

"விரலை எடுத்தாச்சு மேடம். இனி தேறிடுவாருன்னு சொல்றாங்க."

"அக்கா... ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எலிங்களுக்கு நீங்க வேற ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

"நானா? நீங்க குடுக்கற தண்ணி, தீனி. அவ்வளவுதான். ஏன் மேடம்?"

"நீங்க இல்லாத மூணு வாரத்துல தண்ணி குடிச்ச எலிக்குப் பதினாலு நாள் ஆச்சு. மருந்து குடிச்சதுக்குப் பத்து. மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. நீங்க இருந்தா மட்டும் செய்ய மாட்டேங்குது."

எலியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ திருடியது போலக் கூசியது. மறுநாள் வீட்டில் குளிக்கும் சோப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், துணி துவைக்கும் பவுடர் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேடத்தின் மேஜையில் வைத்தார். "சோதிச்சுப் பாருங்க. என்கிட்ட வேற எதுவும் இல்ல."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலிக்கு ஒம்பது நாளு. கட்டின புருஷனுக்குப் பதினோரு மாசம், அதுலயும் ஒரு விரலு நட்டம். நானும் கூண்டுல வந்து படுத்துக்கட்டுமாடி?"

சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி எலியக்காவை விடவில்லை. என் கையில் அப்படி ஏதாவது இருந்தால் அது இவருக்கு ஏன் பலிக்கவில்லை?

மேடம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு பொறியாளரை அழைத்துவந்தார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியையும் பிடிக்கும் ஒரு கருவியை அவர் கூடத்தில் வைத்தார். கூண்டு வண்டியின் ஒரு சக்கரம் எலிகளின் காதுக்கு வீல் வீலென்று கத்துகிறது என்றார். ஸ்டோர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். எலியக்காவோ கூண்டுகளை இரண்டிரண்டாகக் கையில் தூக்கிப் போவார். "அந்தச் சக்கரம் அடிக்கடி சிக்கிக்கும், அதான்" என்றார்.

அடுத்து ஒரு விலங்கியல் பேராசிரியர் வந்தார். ஆண் வாடை பட்டாலே எலிகள் மிரளும், மிரண்டால் புண் ஆறத் தாமதமாகும் என்றார். ஸ்டோர்க்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "நான் தினம் ரெண்டு வேளை குளிக்கறவன் சார்" என்றார்.

மேடத்தின் கவனம் மட்டும் எலியக்காவின் உள்ளங்கைகளில் இருந்தது; வாலைப் பிடிக்காமல் ஏந்தித் தூக்குவதுதான் காரணம் என்று நினைத்தார்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மாதம் போல ஆனது. எல்லாவற்றிலும் வெறும் தண்ணீர் குடித்த எலிகளைத்தான் கவனித்தார்கள். ஸ்டோர்க்காரர் எலிகளைக் கையில் ஏந்தித் தூக்கப் பழகினார். பதினான்கு நாள் பன்னிரண்டாகக் குறைந்தது. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள். அவர் பழையபடி வாலைப் பிடித்துத் தூக்கியும் பதினான்கு பதின்மூன்றானது. ஸ்டோர்க்காரர் போட்டுக் கழற்றிய சட்டையை எலியக்காவின் கூண்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். ஒன்பது பத்தானது. கடைசியாக எலியக்காவை வாலைப் பிடித்துத் தூக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். முதல் வாரம் கைக்கு ஓடிவந்த எலிகள், மூன்றாம் வாரம் மூலையில் போய் ஒடுங்கின. அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே வேலை செய்தார். பதினோரு நாள். பதினான்கு ஆகவில்லை.

"நாங்க மூணு பேர் சொல்றதும் கொஞ்சம் கொஞ்சம் சரி" என்று மேடம் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். "எல்லாத்தையும் கூட்டினாலும் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கு அக்கா. அது என்னன்னு தெரியல."

"கைராசின்னு சொல்லுவாங்களே மேடம்..."

"கைராசியை எந்தப் பட்டியல்ல எழுதறது?"

இயக்குநருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. மருந்து வேலை செய்வதாக ஓர் அறிக்கை வேண்டும். "அந்தம்மா இருந்தா மருந்து எடுபடாது. கண்ணாடிச் சாமான் கழுவுற இடத்துக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எலியக்கா மூன்றாம் மாடிக்கு ஏறினார். பதினாறு வருஷத்தில் அந்த மாடிக்குப் புகார் சொல்லப் போனது அதுதான் முதல் தடவை.

"நல்லா பாத்துக்கிட்டதுதான் நான் செஞ்ச தப்பா மேடம்?"

மேடம் உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "தப்புன்னு சொல்ல வாய் வரல. சரின்னு சொன்னா என் மருந்து போச்சு. எது நிஜமான எலி அக்கா? பயந்து கிடக்கறதா, பயமில்லாம இருக்கறதா? எதை வச்சு நான் மனுஷங்களுக்கு மருந்து சொல்றது?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கப் போகணும்னா மொத நாளே நடுங்குவாரு. நடைபாதையில மூணு மணி நேரம் உக்காந்திருப்பாரு. கூப்பிட்டா எழுந்திருக்கக் கால் வராது. அவரு எந்த எலி மேடம்?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்தார். எலியக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே இறங்கிவந்தார். கோபப்பட்டுவிட்டாரோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் சோதனைக் குழாய்களைக் கழுவினார். கண்ணாடி கடிக்காது, ஆனால் கைக்கு வந்து ஏறவும் செய்யாது என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த நாட்களில் சீக்கிரம் வீடு திரும்ப முடிந்ததால், விரல் எடுத்த இடம் இன்னும் ஆறாமலிருந்த கணவரின் காலுக்குத் தினமும் தானே கட்டுப் போட்டார். அதே சமயம் மருத்துவர் சர்க்கரைக்குப் போடும் ஊசியின் அளவை மாற்றியிருந்தார். கணவரும் பீடியை விட்டிருந்தார். ஏழு வாரத்தில் தோல் மூடிவிட்டது.

எலியக்கா மேடத்தைத் தேடிப்போய்க் கேட்டார். "இதுல எதால மேடம் ஆறிச்சு?"

"மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டீங்களே அக்கா! இப்போ போய்க் கேட்டா நான் எப்படிச் சொல்றது?" என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேடம் எழுதிய கட்டுரை இயக்குநர் கேட்ட மாதிரி வரவில்லை. மிரண்ட எலிகளிடம் மருந்து வேலை செய்கிறது, மிரளாத எலிகளுக்கு அது தேவைப்படவில்லை, காரணம் முழுதாகத் தெரியவில்லை என்று இரண்டு முடிவுகளையும் சேர்த்தே எழுதியிருந்தார். இயக்குநர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் கட்டுரையைப் படித்து, அந்த எலிகளைப் பார்த்துக்கொண்டது யார் என்று விசாரித்து வேறு நிலையங்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியதும், எலியக்காவை மறுபடி விலங்குக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது அங்கே எந்த ஆராய்ச்சி தொடங்கினாலும் படிவத்தில் ஒரு புதுக் கட்டம் இருக்கிறது. மருந்து, அளவு, தேதி என்ற கட்டங்களுக்குக் கீழே, 'பார்த்துக்கொண்டவர்'. முதல் தடவை அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எலியக்கா பேனாவை மூடாமல் நின்றார்.

"மேடம், இது என்னைப் பெருமைப்படுத்தறதுக்கா, இல்ல என்மேல ஒரு கண்ணு வைக்கறதுக்கா?"

"நிஜமாச் சொல்றேன் அக்கா, எனக்கும் தெரியல."

சரி என்று தலையாட்டிவிட்டு, எலியக்கா தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பப் போனார்.