ஊதெவீல் என்றொரு பிரெஞ்சு கிராமம்

செத்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் எல்லாம் நாளைக்கே வேண்டும். டைப் அடித்து முதுகு போனவர்கள், விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கண் போனவர்கள் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம். எண்பதுகளில் ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில், நானும் ரஹீமும் ஆளுக்கொரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தோம். மலாய்ப் பாரங்கள் அவருக்கு, ஆங்கிலக் கடிதங்கள் எனக்கு. பிறப்புப் பத்திரம், கப்பல் பதிவு, கல்யாணப் பதிவு என்று கண்ட கண்ட நாட்டுக்கெல்லாம் எழுதிக் கேட்டுப் பூர்வீகம் தேடித் தருவதும் எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

தாத்தாவின் பெயர்

கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர் வந்தார். தாத்தா வந்த கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். எந்த வருஷம் என்றேன். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி என்றார். எந்த ஊர் என்றேன். இந்தியா என்றார். சரி, பெயரையாவது வைத்துத் தேடலாம் என்று பென்சிலை எடுத்தேன். அவர் என்னை மரியாதை தெரியாதவள் மாதிரி பார்த்தார்.

“தாத்தாவைப் பேர் சொல்லி யாராச்சும் கூப்பிடுவாங்களாக்கா? தாத்தான்னுதான் கூப்பிட்டோம்.”

மிஸ் வந்தது

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவே ஓய்வுபெற்ற டீச்சர் கிளாரா மிஸ் ஒரு பழைய பைபிளோடு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பைபிளின் முதல் பக்கத்தில் ஐந்து தலைமுறைப் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. மிஸ் பேர்கர் இனம், இலங்கையை டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர் வம்சம். அப்பா ரயில்வே வேலைக்காக மலாயாவுக்கு வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் மிஸ் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

பிரான்ஸில் ஹியூகனாட் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். புரொட்டஸ்டண்டுகள் என்பதற்காக ராஜா நெருக்க, ஹாலந்துக்குத் தப்பி ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் ஒருவர் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அவர்தான் மிஸ்ஸுடைய குடும்பத்தின் முதல் ஆள். அவர் பிரான்ஸில் எந்தக் கிராமம் என்று தெரிய வேண்டும். மிஸ்ஸின் அண்ணன் எட்வின், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், புலாவ் திக்குஸ் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் கல்லறையில் அந்தக் கிராமத்தின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்களோடு அந்தக் குடும்பப் பெயர் முடிந்தது. மிஸ் என்னிடம் சொன்னார்.

“பொறப்பட்ட ஸ்டேஷன் பேர் இல்லாம டிக்கெட் செல்லாதுன்னு சொல்றார், பாக்கியம்.”

காடும் காடும்

குடும்பப் பெயர் வாண்டன்போஸ். அந்தப் பெயரை வைத்துப் பிரான்ஸுக்கு எழுதி எழுதி எட்டு மாதம் வீணானது. கடைசியில் ஹாலந்து ஆவணக் காப்பகம் ஒன்று விளக்கம் அனுப்பியது. வந்தவருடைய உண்மையான பெயர் டுபுவா. பிரெஞ்சில் அதற்குக் காட்டைச் சேர்ந்தவர் என்று அர்த்தமாம். ஹாலந்தில் யாரோ அதை அப்படியே டச்சுக்கு மொழிபெயர்த்து வாண்டன்போஸ் ஆக்கியிருக்கிறார்கள். எட்டு மாதமாக இல்லாத ஆளைத் தேடியிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரஹீம் டைப் அடிப்பதை நிறுத்தாமலே ஆறுதல் சொன்னார்.

“அவங்களுக்குப் பேர் மாற ரெண்டு நாடு வேண்டியிருந்துச்சு. என் பேரைப் பதிவு ஆபீஸ் கிராணி ஒருத்தன் ஒரே நாள்ல மாத்திட்டான்லா.”

ஊர் கிடைத்தது

அந்தக் கடிதத்தோடு இலங்கையில் நடந்த கல்யாணப் பதிவின் போட்டோஸ்டாட்டும் வந்திருந்தது. மாப்பிள்ளையின் ஊர் இருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. பெண்ணின் பெயர் சுசன்னா. ஊர்: ஓ, யூ, டி, இ, டபிள்யூ, ஐ, எல். மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை ‘ஊதெவீல்’ என்று அழகாகப் படித்தார். ஹியூகனாட்டுகள் தங்களுக்குள்ளேதான் கல்யாணம் செய்துகொள்வார்கள், ஆகவே பெண்ணின் ஊர்தான் பையனின் ஊரும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதன்பிறகு பிரான்ஸில் நான் எழுதாத அலுவலகம் இல்லை. இங்கிருந்து கடிதம் போக ஒரு மாதம், பதில் வர இரண்டு மாதம், பதிலில் இரண்டு வரி. எங்கள் ஊர்ப் பெயர்களில் டபிள்யூ வருவதே அபூர்வம் என்று ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். டாக்டர் சொன்னதையும் தாண்டி எட்வின் இழுத்துக்கொண்டிருந்தார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. நான் மாடிப்படி ஏறும்போதெல்லாம் இன்றைக்காவது வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டுதான் ஏறுவேன். வந்த பதில்களையெல்லாம் மிஸ் அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

“பிரெஞ்சுக்காரனுக்கு அவன் ஊரே தெரியல, பாரேன்.”

ஓர் எழுத்து விட்டுப்போனது

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். இருபத்திரண்டாவது கடிதத்தை ரஹீமை அடிக்கச் சொன்னேன். அவசரத்தில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தான ஓவை விட்டுவிட்டார். திட்டிக்கொண்டே வெள்ளை மையை எடுத்துத் திருத்தப் போனேன். யூ, டி, இ, டபிள்யூ, ஐ, எல் என்று மிச்சம் இருந்த எழுத்துகளைக் கூட்டி வாயால் படித்தேன். படித்தது என் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

உடுவில். யாழ்ப்பாணத்தில் என் அம்மா பிறந்த ஊர். டச்சுக்காரர்கள் அங்கே ஊருக்கு ஊர் தேவாலயம் நடத்தினார்கள், ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரும் வைத்தார்கள். சுசன்னா அப்படிப் பெயர் வாங்கிய ஒரு தமிழ்ப் பெண். என் அம்மா ஊர்க்காரி. அவளுடைய ஊரைத்தான் இரண்டு வருஷமாகப் பிரான்ஸில் தேடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் சண்டை, அங்கே யாரிடமும் கேட்க முடியாது. ஹாலந்துக்கே எழுதிக் கேட்டேன். ஆமாம், அது யாழ்ப்பாணத்து ஊர்தான், எங்கள் பழைய வரைபடத்தில் இருக்கிறது என்று பதில் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் மிஸ்ஸிடம் வாயைத் திறக்கவில்லை. கறுத்துவிடக் கூடாது என்று அப்பா தங்களை வெயிலில் விளையாடவே விட்டதில்லை என்று மிஸ் ஒரு தடவை சொல்லியிருந்தார். அதை நினைக்க நினைக்க எனக்குப் பயம். ரஹீம் மட்டும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல வேளை நான் தப்பா அடிச்சேன்கா. சரியா அடிச்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் தேடிருப்பீங்க.”

படுக்கையருகே

நான் சொன்னதும் மிஸ் அந்தப் போட்டோஸ்டாட்டை எடுத்து மறுபடியும் எழுத்து எழுத்தாகப் படித்தார். மாப்பிள்ளையின் ஊர் இனி கிடைக்காது என்பதையும் சொன்னேன். கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனிடம் தன்னால் சொல்ல முடியாது, நீயே வந்து சொல் என்றார். எனக்கு அந்த வீட்டுப் படியில் கால் வைக்கவே மனமில்லை. ஆனாலும் போனேன்.

எட்வின் கண்ணை மூடியபடியே கேட்டார். பிரெஞ்சுக்காரர் காட்டிலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும், எந்தக் காடு என்று தெரியாது, அவர் கட்டிய பெண்ணின் ஊர் உடுவில், என் அம்மாவுக்கும் அதே ஊர் என்று மெதுவாகச் சொல்லி முடித்தேன். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எட்வின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், புதிதாக வந்த சொந்தக்காரியைப் பார்ப்பது போல. அவர் கை போர்வைக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்தது. கல்லில் உடுவில் என்றே போடச் சொன்னார். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“தமிழ்லயே எழுதிக் குடும்மா. இங்கிலீஷ்ல போட்டா மறுபடியும் எவனாச்சும் பிரான்ஸ்ல போய்த் தேடுவான்.”

எத்தனையோ நாட்டுக்கு எழுதி எத்தனையோ பேருடைய பூர்வீகத்தைத் தேடிக் களைத்த நான் கடைசியில் உருப்படியாகக் கண்டுபிடித்த ஒரே ஊர், எனக்கு விலாசம் நன்றாகத் தெரிந்த ஊர்.