மாதம் முன்னால், தேதி பின்னால்

"திருப்பிச் சொல்லுங்க" என்கிறார் சேக் தாவூத், ஸ்பானிஷில். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தலையாட்டுகிறாள். தலையாட்டல் அவரிடம் செல்லாது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளை அவள் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டுவார். அதற்கு முன்பே காகிதத்தின் தலையில் மாதத்தின் பெயரை ஸ்பானிஷில், கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருப்பார்.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையில், ஒரு நகைக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே, கைதானவர்களுக்கு ஜாமீன் எடுத்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ். ஒன்பது வருடமாக அதன் கவுண்டரில் இருக்கிறார். ஊர் காயல்பட்டினம், வயது ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். யாராவது அழ ஆரம்பித்தால் ஒன்றை எடுத்து நீட்டுவார்.

அவருடைய ஸ்பானிஷ் படித்து வந்ததல்ல. மளிகை கோடவுனில் ஹோண்டுராஸ்காரர்களோடு அரிசி மூட்டை இறக்கிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. "தூக்கு, இறக்கு, பாத்துப் போ, நாளைக்கு வா, இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வாரண்ட்டு, வாய்தா எல்லாம் மூட்டைல எழுதியிருக்காதே" என்பார். ஆபீஸ் முதலாளிக்கு அதுவே போதுமாயிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஏப்ரலில் மரிசெலா என்ற பெண் வந்தாள். கணவன் வில்மர், இன்ஷூரன்ஸ் இல்லாமல் டிரக் ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்டிருந்தான். அவள் ஏற்கெனவே இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தாள். அங்கே போர்டில்தான் ஸ்பானிஷ், உள்ளே இல்லை. சேக் தாவூத் அன்றே வில்மரை வெளியே கொண்டுவந்தார். கோர்ட் காகிதத்தில் 05/06 என்றிருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "இந்த நாள். மறந்துடாதே" என்றார். வில்மர் தலையாட்டினான். மரிசெலாவும்.

மே மாதம் முழுக்க மகள் கல்யாணத்துக்காக அவர் ஊரில் இருந்தார். திரும்பி வந்தபின், ஜூன் ஐந்தாம் தேதி காலை, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வில்மர் வந்து நின்றான். கோர்ட்டில் எந்த மாடி என்று கேட்டான்.

சேக் தாவூத் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மே ஆறாம் தேதியே கேஸைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று பிடிவாரண்ட் போட்டிருந்தார்கள். ஆபீஸிலிருந்து நினைவூட்டும் போன் கால்கள் போயிருந்தன, இங்கிலீஷில், ரிக்கார்டு செய்த குரலில். ஏதோ விளம்பரம் என்று வில்மர் வைத்துவிட்டிருக்கிறான். இந்த நாட்டில் மாதம் முன்னால் வரும், தேதி பின்னால். வில்மரின் ஊரில் அப்படியில்லை. காயல்பட்டினத்திலும் இல்லை.

"எனக்கே வந்த புதுசுல ஒரு இன்டர்வியூ இப்படித்தான் போச்சு. தெரிஞ்சிருந்தும் வாயால சொல்லல. வெரல மட்டும் வச்சேன்." மனைவி மஹ்பூபாவிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. "வேணும்னேவா செஞ்சீங்க?" என்பாள் அவள்.

வில்மரை அவரே கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். தேதியைத் தப்பாகப் படித்துவிட்டான், எங்கள் ஊரிலும் அப்படித்தான் படிப்போம் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விளக்கினார். அவள் பொறுமையாகவே கேட்டாள். கேட்டு முடித்ததும் போலீஸைக் கூப்பிட்டாள். விலங்கு மாட்டும்போது வில்மர் இவரைப் பார்த்துக் கேட்டான், "நான் நாள் மாறி வந்துட்டேனா?" ஆமாம் என்று மட்டும் இவரால் சொல்ல முடிந்தது. இந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாதவன், அங்கிருந்து குடியேற்றக் காவல். செப்டம்பரில் அவன் ஊருக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மரிசெலா இப்போது தள்ளுவண்டியில் மக்காச்சோளம் விற்கிறாள். பகல் பன்னிரண்டரைக்கு ஆபீஸின் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் வண்டி போகும். அவள் உள்ளே பார்ப்பதில்லை. வண்டி கண்ணில் பட்டதும் சேக் தாவூத் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நிற்கிறார், அது கடந்து போகும் வரை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும், யாருக்காக என்று தெரியாமல், கூடவே எழுந்து நிற்கிறார்கள்.